குரோதி வருஷத்துக் காளைகள்

தென்காசிக் கோபுரத்தைக் கும்பிடுகிறவர்களில் பாதிப்பேர் அதை ஐந்நூறு வருஷத்துக் கோபுரம் என்று நினைத்தே கும்பிடுகிறார்கள். அடியில் இருக்கும் கல்லுக்கு அந்த வயது உண்டு. ஆனால் தரையிலிருந்து ஏறத்தாழ 180 அடிக்கு எழும்பி நிற்கும் ஒன்பது நிலைகள் என்னைவிட இளையவை. 1990இல்தான் குடமுழுக்குக் கண்டவை. அதற்கு முன் நெடுங்காலம் இங்கே நின்றது மொட்டைக் கோபுரம். இடி விழுந்தது என்பார்கள், தீ வைத்தார்கள் என்பாரும் உண்டு. உச்சி போய், நடுவே பிளந்து, பிளவு வழியாக வானம் தெரியும். என் அப்பா பிள்ளையாக இருந்தபோது பார்த்தது அதைத்தான். அவருடைய தாத்தா தம் கடைசிக் காலத்தில் பார்த்ததும் அதைத்தான்.

நான் தேடி வந்தது அந்தத் தாத்தாவை. எனக்குப் பூட்டன்.

ஆடி மாதம். கோபுர வாசலுக்குள் காலை வைத்ததும் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று இது. மலைத்தொடரில் அந்த இடத்தில் மட்டும் ஒரு சந்து விட்டிருக்கிறது. வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்குகிறவர்களைப் பார்த்துப் பூக்காரம்மாக்கள் சிரிக்கிறார்கள். கோபுரம் மாறியிருக்கலாம், மாவட்டம் மாறியிருக்கலாம் (2019 நவம்பர் 22 முதல் தென்காசியே தனி மாவட்டம்). காற்று மட்டும் பூட்டன் முகத்தில் அடித்த அதே காற்று. ஒரு மனிதனின் காலத்துக்குள் போக வேண்டுமென்றால் கண்ணுக்குத் தெரிவதில் முக்கால்வாசியைக் கழிக்க வேண்டியிருக்கிறது என்பது எனக்கு அந்த வாசலில்தான் உறைத்தது.

கோயிலைக் கட்டிய அரிகேசரி பராக்கிரம பாண்டியன் தன் காலத்தை யாரும் கழித்துவிடக் கூடாது என்று பாடுபட்டவன். மதுரை கைவிட்டுப்போன பிறகு பாண்டியர் தெற்கே ஒதுங்கி ஆண்ட காலம். வடக்கே காசிக்குப் போக முடியாதவர்களுக்காகச் சிற்றாற்றங்கரையில் ஒரு காசியை 1446 வாக்கில் கட்டத் தொடங்கினான். கனவில் வந்த சிவன், எறும்புச் சாரை போகும் வழியே போ, அது முடியும் இடத்தில் எனக்குக் கோயில் எடு என்றாராம். தன் கோயிலில் அவன் பாட்டாகவே வெட்டிவைத்த கல்வெட்டுகள் உண்டு. இந்தத் திருப்பணியில் குறை நேர்ந்தால் அதைச் சரிசெய்து காப்பவர்கள் காலில் இப்போதே விழுகிறேன் என்று பிற்காலத்தாரிடம் கெஞ்சுகிறான். ஒரு ராஜா இப்படிப் பணிந்து எழுதியதை வேறெங்கும் நான் படித்ததில்லை. அப்படியும் கோபுரம் பிளந்தது. ஆனாலும் அவன் பெயர் நிலைத்தது, வெட்டியது கல்லில்.

பூட்டன் பெயர் எங்கே கிடக்கிறது?

வீட்டில் அவரைப் பற்றி எஞ்சியிருந்தது மிகக் கொஞ்சம். மாட்டுவண்டி வைத்திருந்தார். அரிசியும் வத்தலும் ஏற்றிக்கொண்டு மலையாளத்துக்குப் போவார். பாக்கும் தேங்காயும் மிளகும் ஏற்றிக்கொண்டு திரும்புவார். பிறகு ரயில் வந்தது, வண்டித்தொழில் போச்சு, வித்துவிட்டு வயலில் இறங்கிவிட்டார். இவ்வளவுதான். கல்யாண வீடுகளில் யாராவது ஒரு பெரியவர் ‘ரயில் வந்து நம்மளக் கவுத்திட்டுல்லா’ என்று பெருமூச்சு விடும்போது சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லோரும் தலையாட்டுவோம்.

பெயரை இங்கே எழுதவில்லை. அது எங்கள் குலசாமியின் பெயர். தென்காசிச் சந்தையில் நின்று கூப்பிட்டால் பத்துப்பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர். அப்படியானால் ஒரு குடும்பத்தில் இரண்டே பெயர்கள் மாறி மாறி வரும். பூட்டனின் பெயர்தான் என் அப்பாவுக்கு. பூட்டனுடைய அப்பாவின் பெயர்தான் என் தாத்தாவுக்கு. ஆக, ‘இன்னார் மகன் இன்னார்’ என்று காகிதத்தில் எழுதினால் பூட்டனும் அப்பாவும் ஒரே ஆள்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்தவர் நான் எழுதிக்கொடுத்த சீட்டைப் படித்துவிட்டு, “இது உங்க அப்பா பேருல்லா சார்? வில்லங்கம் கம்ப்யூட்டர்லயே பாக்கலாமே” என்றார். அப்பா இல்லை, அப்பாவுக்குத் தாத்தா என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கணினியில் இருப்பது அண்மைக் காலத்து வில்லங்கம். அதற்கு முந்தியது கையால் புரட்டிப் பார்க்கிற வேலை. பத்திரப் பதிவில் இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று ஆட்களின் பெயர்ப்படி, மற்றது சொத்தின்படி. பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் எங்கள் குடும்பத்தில் வட்டமடித்துக்கொண்டே இருக்கலாம். வயலைப் பிடித்துக்கொண்டு போவதுதான் வழி. வயலுக்குத் தாத்தா பெயர் வைப்பதில்லை.

இந்த ஊர்ப் பழைய பத்திரங்களில் தேதி எழுதும் முறைக்கே தனியாக ஒரு படிப்பு வேண்டும். ஆங்கிலத் தேதி ஒரு பக்கம். கூடவே கொல்லம் ஆண்டு. திருவிதாங்கூரில் மட்டும் வழங்கியதல்ல, திருநெல்வேலிச் சீமையிலும் பரவலாகப் புழங்கியது. ஆவணியில் பிறக்கும் அந்த ஆண்டோடு மார்கழி வரை 824, தையிலிருந்து 825 கூட்டினால் கிறிஸ்து ஆண்டு வரும். அதோடு அறுபது வருஷச் சுற்றின் பெயர். வயல் வழியே போய்க் கண்டுபிடித்த எங்கள் பத்திரத்தில் இருந்தது: கொல்லம் 1080, குரோதி வருஷம், தை மாதம். குரோதி என்று மட்டும் இருந்திருந்தால் 1844ஆ, 1904ஆ, 1964ஆ என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். நான் அதைப் படித்துக்கொண்டு நின்றதும் குரோதி வருஷத்தில்தான், அதற்கு அடுத்த இரண்டாவது சுற்றில். கொல்லம் ஆண்டு காப்பாற்றியது. 1080உடன் 825. அதாவது 1905ஆம் வருஷத் தை.

பத்திரம் கிரயம் அல்ல, ஒத்தி. வயலைக் கடன் கொடுத்தவர் கையில் ஒப்படைத்துவிட வேண்டும். பணத்துக்கு வட்டி கிடையாது, வயலின் மகசூல் அவருக்கு. பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறபோது வயல் திரும்பும். சிற்றாற்றுப் பாசனத்தில் சில மரக்கால் விதைப்பாடு நஞ்சை. நான்கெல்லை. எல்லைக்காரர்கள் பெயர் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ‘கைக்கீறல்’ என்று எழுத்தர் எழுதியிருந்தார். பூட்டனுக்கு எழுதத் தெரியாது.

என்னை நாற்காலியில் உட்காரவைத்தது அதற்கு மேலே இருந்த ஒரு வரி. கடன் எதற்கு என்று பத்திரத்தில் காரணம் சொல்லும் வழக்கம் உண்டு: மகள் கல்யாணம், முன் கடன், குடும்பச் செலவு. இதில் வண்டிமாடு வாங்கும் வகைக்கு என்று இருந்தது.

1904 நவம்பரில் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே மலையைக் குடைந்து போட்ட மீட்டர்கேஜ் பாதை திறந்தது. திருநெல்வேலியிலிருந்து கொல்லம் வரை ரயில் ஓடத் தொடங்கியது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. ரயில் வந்து வண்டியை விற்றதாக நாங்கள் தலையாட்டிக்கொண்டிருந்த மனிதர், இருந்த வயலை ஒத்தி வைத்துப் புதுசாகக் காளை வாங்கியிருக்கிறார்.

மண்டையில் மழை இல்லாத இடி.

காகிதம் ஒரு மனிதனை அவன் கடன் வாங்கும் நாளில் மட்டுமே பார்க்கிறது. அதை விட்டால் விற்கும்போது, வழக்காடும்போது, சாகும்போது. விதைத்த நாளும் வண்டியில் பாடிக்கொண்டு போன ராத்திரியும் எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. அதற்குமேல் வேண்டுமானால் கிராமக் கணக்குக்குப் போக வேண்டும். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தக் கணக்குகளை வைத்திருந்த கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தது. பரம்பரையாக வந்த அதிகாரம் போனது நல்லதுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பரம்பரையாக ஒரே வீட்டில் கிடந்த கணக்குகளில் எத்தனை முறையாகக் கைமாறின, எத்தனை பரணில் கறையானுக்குப் போயின என்று ஊருக்கு ஊர் ஒரு கதை சொல்கிறார்கள்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் மேலகரம். திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். குற்றாலக் குறவஞ்சி பாடியதற்காக மதுரை நாயக்கர் அவருக்கு நிலம் கொடுத்தார், அதற்குக் குறவஞ்சிமேடு என்றே பெயர் வந்தது. பாட்டுக்கு நிலம் கிடைத்த ஊர்ப் பக்கத்தில் காளைக்கு நிலம் போனவரைத் தேடிக்கொண்டு போகிறோமே என்று சிரிப்பு வந்தது. வலப்புறம் வயல்களில் தண்ணீர் தளும்பியது. சாரல் விழுந்துகொண்டிருந்தது. இங்கே சாரல் மழையல்ல; வெயில் இருக்கும்போதே விழும், குடை விரித்தால் நின்றுவிடும், மடக்கினால் மறுபடி விழும்.

குற்றாலத்துக்கு நான் போய்ச் சேர்ந்தது ஆடி அமாவாசை. சீசன் கூட்டமும் அமாவாசைக் கூட்டமும் பேரருவிக்கு முன்னால் ஒன்றோடொன்று மோதின. ஒரு பக்கம் உடம்பெல்லாம் எண்ணெயோடு, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஆரவாரமாக ஓடுகிறவர்கள். மறுபக்கம் ஈரவேட்டியோடு எள்ளும் தர்ப்பையும் வைத்துக்கொண்டு வரிசையில் குந்தியிருப்பவர்கள். இருவருக்கும் மேலே அதே தண்ணீர். மலை உச்சியிலிருந்து நேராக விழுந்தால் கீழே நிற்பவன் எலும்பு தேறாது. நடுவில் பொங்குமாங்கடல் என்கிற பள்ளத்தில் விழுந்து, நிரம்பி, வேகம் தணிந்து வழிவதால்தான் பச்சைக்குழந்தையைக்கூடக் காட்ட முடிகிறது.

தர்ப்பணம் கொடுக்க நானும் உட்கார்ந்தேன். நம் ஊரில் குடும்ப வரலாறு கேட்கிற ஆள் ஒருவர் உண்டென்றால் அது இந்த ஐயர்தான். வருஷத்துக்கு ஒருமுறை, ஆற்றங்கரையில், பின்னால் நூறுபேர் காத்திருக்கும்போது கேட்பார். அப்பா பேர்? தாத்தா பேர்? அப்பாவுக்குத் தாத்தா பேர்? முதல் இரண்டும் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. மூன்றாவதில் நாக்கு தடுமாறும். எனக்கு முன்னால் இருந்த பையன் செல்போனை எடுத்து அம்மாவை அழைத்தான். அந்த அம்மா யாரையோ கூப்பிட்டுக் கேட்டார்கள். அருவிச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. கோத்திரம் தெரியாதவர்களுக்கு ஐயரே சிவகோத்திரம் என்று சொல்லிக் கடத்திவிடுகிறார். மூன்று தலைமுறை என்பது யோசித்து வைத்த கணக்கோ என்று தோன்றியது. ஒரு வீட்டின் ஞாபகம் தானாக நிற்கும் தூரம் அவ்வளவுதான். நான்காவது ஆள் வரிசையிலிருந்து இறங்கிக்கொள்கிறார்.

ஆண்கள் பெயர் மூன்றையும் நான் தட்டில்லாமல் சொன்னேன், இரண்டே பெயர்தானே. அடுத்து அம்மா, பாட்டி, பூட்டி. பூட்டி பெயர் என்னிடம் இல்லை. ஒத்திப் பத்திரத்தில் அவள் இல்லை. அவள் செத்த வருஷம் மட்டும் வீட்டில் தெரியும்: காளயுக்தி வருஷம், காய்ச்சல். காளயுக்தி என்றால் 1918, 19. உலகத்தையே சுற்றிவந்த அந்த இன்ஃபுளுவென்சா இந்தியாவில் மட்டும் ஒரு கோடிப்பேருக்கு மேல் கொண்டுபோனது. அன்றைய சாவுக்கணக்கில் காலரா, அம்மை, பிளேக், காய்ச்சல் என்று தலைப்புகள் இருக்கும். வந்தது இன்னதென்று யாருக்கும் தெரியாததால் பெரும்பாலான சாவுகள் காய்ச்சல் என்ற கட்டத்தில் போய் விழுந்தன. எங்கள் வீட்டு ஞாபகமும் சர்க்காரும் அந்த ஒரு சொல்லில் ஒத்துப்போகிறார்கள்.

“பேரு சொல்லுங்கோ” என்றார் ஐயர்.

“வண்டிக்கார ஆச்சின்னு சொல்லுவாவ, சாமி.”

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மந்திரத்துக்கு நடுவில் அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு எள்ளை விடச் சொன்னார்.

குற்றாலநாதர் கோயில் சங்கு வடிவம். சம்பந்தர் இங்கே இறைவனைப் பாடியதோடு நில்லாமல் தலமரமான குறும்பலாவுக்கும் தனியாக ஒரு பதிகம் பாடினார். மரத்துக்கும் வரலாறு எழுதிவைக்கிற ஊர் இது. சற்றுத் தள்ளிச் சித்திரசபை: சுவரெல்லாம் ஓவியம், ஆடுகிற சிவனும் அங்கே ஓவியம்தான். ரசிகமணி டி.கே.சி. இந்த ஊரில்தான் தம் கடைசிக் காலத்தைக் கழித்தார், ராஜாஜியும் கல்கியும் வந்து போனார்கள், 1954இல் காலமானார். அவரைப் பார்க்க வந்த பெரிய மனிதர்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அவர்களைத் தென்காசி ஸ்டேஷனிலிருந்து கொண்டுவந்த வண்டிக்காரர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. இதைச் சும்மா ஒரு நினைப்பாகத்தான் அப்போது நினைத்தேன்.

கடைத்தெருவில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் வாங்கித் தின்றுகொண்டு மேற்கே கிளம்பினேன். பிரானூர் பார்டரில் புரோட்டாக் கடைகளில் இடம் பிடிக்க முடியாது. வெளியூர்க்காரர்கள், இது எதற்குப் பார்டர், கேரளா இன்னும் தள்ளியல்லவா என்று கேட்கிறார்கள். 1956 நவம்பர் 1 வரைக்கும் இதுதான் எல்லை. அந்தப் பக்கம் செங்கோட்டை திருவிதாங்கூர். இந்தப் பக்கம் வெள்ளைக்காரன் சீமை. அதாவது பூட்டன் வீட்டிலிருந்து கிளம்பி, மாடுகளுக்கு முதல் தண்ணீர் காட்டுவதற்குள் வேறொரு ராஜ்ஜியத்துக்குள் போயிருப்பார். சுமையை அவிழ்த்துக் காட்டித் தீர்வை கட்டியிருப்பார். செங்கோட்டை முகப்பு வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இன்னும் இருக்கிறது. அதற்குக் கீழே பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நுழைகின்றன.

உள்ளே வாஞ்சிநாதன் சிலை. 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட இளைஞன் இந்த ஊர்க்காரன். பூட்டன் அப்போது நடுவயதில், வாரத்தில் பாதி இந்த வழியே போய்வந்துகொண்டிருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக் கதைகளில் ஆஷ் இல்லை, வாஞ்சி இல்லை. மாடு உண்டு. ஒரு மயிலைக் காளைக்குக் கால் ஒடிந்ததும் பூட்டன் இரண்டு நாள் சாப்பிடாததும் உண்டு.

புளியரை தாண்டி ரோடு மலை ஏறுகிறது. காரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது அழகான வளைவு, அவ்வளவுதான். இறங்கி நடந்து பார்த்தேன். சுமை வண்டிக்கு இந்த ஏற்றம் என்ன பாடு படுத்தியிருக்கும் என்பதை முழங்கால் சொன்னது. ஏறும்போது நுகத்தில் இழுவை. இறங்கும்போது சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காவிட்டால் வண்டி மாட்டின்மேல் ஏறும். நல்ல சோடி இல்லாதவன் இந்தப் பாதையில் தொழில் செய்ய முடியாது. வயலை ஒத்தி வைத்துக் காளை வாங்கியது முரட்டுத்தனமோ என்று கீழே தோன்றியது. இங்கே அது வேறு மாதிரித் தெரியத் தொடங்கியது.

ஆரியங்காவு ஒரு காலத்தில் செங்கோட்டைத் தாலுகா. 1956இல் தாலுகாவைப் பிரித்தபோது இது கேரளத்தோடு நின்றுவிட்டது. சாஸ்தா கோயில் ரோட்டோரம், படி இறங்கிப் போக வேண்டும். மதுரையிலிருந்து திருவிதாங்கூருக்குத் துணி கொண்டுபோன ஒரு சௌராஷ்டிர வியாபாரி, காட்டுவழிக்குப் பயந்து மகளை இங்கே விட்டுப் போனாராம். அவள் சாஸ்தாவோடு கலந்துவிட்டாள். இப்போதும் மார்கழியில் மதுரைச் சௌராஷ்டிரர்கள் பெண்வீட்டாராக வந்து கல்யாணம் நடத்துகிறார்கள். கடவுளுக்குப் பெண் கொடுத்த கதைக்குள் ஒரு துணி வியாபாரம், ஒரு சரக்குப் பாதை இருக்கிறது. அந்தத் துணி எதில் ஏறி வந்தது என்று கேட்க எனக்குத்தான் தோன்றும். லாரிக்காரர்கள் நிறுத்தி இறங்கிச் சூறைத்தேங்காய் விட்டுப் போகிறார்கள். ஒருவர் என்னிடம் திருநீறு நீட்டினார்.

அதையும் தாண்டினால் பதிமூன்று கண் பாலம். ரோட்டுக்குப் பக்கத்திலேயே, கல்லால் கட்டிய வளைவுகள், மேலே ரயில். மீட்டர்கேஜ் போய் அகலப்பாதையாகி 2018இல் மறுபடி வண்டிகள் ஓடுகின்றன. பாலத்தடியில் ஆட்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அத்தைக்குப் போன் போட்டேன். அப்பாவின் அக்கா, எண்பத்தைந்து தாண்டியவள். பத்திரத்தில் இருந்ததைச் சொன்னேன். ரயில் வந்த பிறகு காளை வாங்கியிருக்கிறாரே, ரயிலோடு போட்டி போட நினைத்தாரா என்று கேட்டேன்.

“ஏல, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?” என்றாள் அத்தை. “ரயிலு எங்கன நிக்கும்? ஸ்டேஷன்ல நிக்கும். மூட்டை எங்கன கெடக்கும்? ஊருக்குள்ள கெடக்கும். நடுவுல அது பறந்தா வரும்?”

“அப்போ ரயில் வந்து வண்டி போச்சுன்னு எல்லாரும் சொல்லுதாங்களே?”

“அது சின்னத்தாத்தா சொல்லுத கதை. அவருதான் பாகத்துல வந்த வண்டிய வித்துத் தின்னவரு. உங்க பூட்டையா ரயிலு வந்தப்புறந்தான் ரெண்டு வண்டி ஆக்குனாவ. மலை ஏறுத பாடும் இல்ல, தீர்வையும் இல்ல, ராத்திரி வீட்டுல படுக்கலாம். ஆச்சிக்கு அதுல எவ்வளவு சந்தோசம்னு எங்க அப்பா சொல்லுவாவ.”

நான் ஒன்றும் பேசாமல் நின்றதை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

“ஒத்தி வச்சத மட்டும் பாத்துட்டு வந்துட்டியாக்கும்? மீட்ட பத்திரம் ஒண்ணு இருக்கும்லா. அதுல போட்டுருக்கது கீறலா, இல்ல எங்க அப்பா கையெழுத்தான்னு பாரு. அவாள எட்டு வரைக்கும் படிக்க வச்சதே அந்த மாட்டுக் காசுதாம்லே.”

மறுநாள் காலை மறுபடி தென்காசி, அதே மேசை. இந்தத் தடவை சீட்டில் தாத்தா பெயரை எழுதினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது யாரு, உங்க பூட்டனுக்கு அப்பாவா?” என்றார்.